அரக்குப் பட்டும் எழுபத்தைந்து ஹெர்ட்ஸும்

கொஞ்சம் முழங்காலை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் சார். போர்வை சுற்றித்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் மூலை கூர்மை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் குத்தும்.

டிவி இல்லை சார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடத்துனர்கூட, "டிவிக்கு லக்கேஜ் போடணும் சார்" என்றார். டிவி என்றால் சேனல் பிடிப்பதற்கு உள்ளே ஒரு ட்யூனர் இருக்க வேண்டும், இதில் அது கிடையாது, ஆகவே இது டிவி இல்லை, கம்ப்யூட்டர் மானிட்டர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "அப்ப மானிட்டருக்கு லக்கேஜ் போடணும் சார்" என்றார். போட்டுக்கொண்டேன். சரியான பேரில் போட்டால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

கீழே வைத்தால் என்ன என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. வைக்கலாம். ஆனால் இது சாட்சி சார். காரைக்குடியிலிருந்து திருச்சிக்குச் சாட்சி சொல்ல வருகிறது. சாட்சியைக் காலடியில் போட்டுக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

என் பெயர் திருஞானம். தராசு வேலை. எலெக்ட்ரானிக் தராசு, நெல் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு, நகைக்கடைத் தராசு, எல்லாம் பழுது பார்ப்பேன். நான் படிக்கல் வைத்துச் சரிபார்த்துக் கொடுத்த பிறகுதான் ஆய்வாளர் வந்து முத்திரை வைப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தராசும் என் கையை விட்டுத் தவறாகப் போனதில்லை. அதனால் எதையும் சரிபார்க்காமல் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முகூர்த்த நேரத்தைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து, பிசகு இருந்தால் போன் செய்து சொல்லிவிடுவேன். நாலைந்து வீட்டில் இப்போதெல்லாம் எங்களுக்குப் பத்திரிகை வைப்பதில்லை. மறந்திருப்பார்கள்.

என் மனைவி அன்பரசி. கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறாள். எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் சேவுகப்பெருமாள் படமெடுத்து அனுப்புவார். இவள் வீட்டில் உட்கார்ந்து நிறம் திருத்தி, பக்கம் பக்கமாக அடுக்கி, பிரிண்டுக்கு அனுப்பத் தயாராக்கிக் கொடுப்பாள். அந்த வேலைக்குத்தான் இந்த மானிட்டர். நியாயமாகப் பார்த்தால் அவளுடையது. நான் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் படிக்க உட்காருவேன், அவ்வளவுதான்.

அவளுக்குக் கண் அப்படி சார். ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு எலுமிச்சை மஞ்சள், மாம்பழ மஞ்சள், கிழங்கு மஞ்சள், சாமந்தி மஞ்சள் என்று எட்டு மஞ்சளைப் பெயர் சொல்லிப் பிரிப்பாள். எனக்கு எட்டும் மஞ்சள். சேவுகப்பெருமாள் இவள் முடித்துக் கொடுத்தால் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "அக்கா கண்ணு பட்டுருச்சுன்னா போதும்" என்று அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிவிடுவார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினையில் பாதி அவர் மேல் இருக்கிறது என்பதற்கு இதுதான் ஆதாரம்.

இப்போது சகலை வருகிறார். அன்பரசியின் அக்கா கலையரசியை முடித்தவர். வில்வநாதன். திருச்சியில் கட்டட வரைபடம் போடுகிறார். நல்ல மனிதர். எனக்கு அவர் மேல் பொறாமை எதுவும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டில் மாடி எடுத்தபோது முதலில் மனதாரப் பாராட்டியது நான். படிக்கட்டின் ஒரு படி மட்டும் அரை அங்குலம் உயரம் கூடுதல் என்று சொன்னதும் நான்தான்.

பொங்கலுக்குப் போயிருந்தோம். புதிதாக மானிட்டர் வாங்கியிருந்தார். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதற்கு முன்னால் உட்கார வைத்தார்.

"ஞானம், நூத்தி நாப்பத்து நாலு ஹெர்ட்ஸ். சும்மா மௌஸ ஆட்டிப் பாரு."

ஆட்டிப் பார்த்தேன். சார், சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த அம்புக்குறி நெய் தடவின தட்டில் அல்வாத்துண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தடங்கலே இல்லை.

"ஒன்னோடது எவ்ளோ?" என்றார்.

"அறுபது" என்றேன்.

"அறுபதா," என்றார். கலையரசி அண்ணியைக் கூப்பிட்டு, "ஞானத்துக்குக் காபி குடும்மா" என்றார். நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் காபி எதற்கு? துக்க வீட்டில் கொடுக்கிற மாதிரி.

ஹெர்ட்ஸ் என்றால் ஒன்றுமில்லை சார். மானிட்டர் ஒரு நொடிக்கு எத்தனை தடவை படத்தை அழித்து அழித்து எழுதுகிறது என்கிற கணக்கு. ரெஃப்ரெஷ் ரேட் என்பார்கள். என்னுடையது நொடிக்கு அறுபது தடவை எழுதுகிறது. அவருடையது நூற்று நாற்பத்து நான்கு. ஊருக்குத் திரும்பி வந்து என் அம்புக்குறியைப் பார்த்தால், அது நொண்டியடித்துக்கொண்டு போகிறது. எட்டு வருஷமாக அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அது நொண்டி என்று தெரியவில்லை. அன்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எப்படித் தெரியாமல் இருப்பது?

புது மானிட்டர் வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் வாங்கினதும் நான் வாங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் படித்தேன். இரண்டு வாரம் படித்தேன். அப்போதுதான் ஓவர்கிளாக் என்று ஒரு வழி இருப்பது தெரிந்தது. கம்பெனிக்காரன் ஜாக்கிரதைக்காக அறுபது என்று எழுதி அனுப்புகிறான், உள்ளே அதற்கு மேலும் தெம்பு இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இல்லாத ஒரு வேகத்தை நாமே எழுதிச் சேர்த்து, இதையும் ஓட்டு என்று சொல்ல வேண்டும். ஓட்டினால் ஓட்டும். முடியாவிட்டால் திரை இருட்டாகிப் பதினைந்து நொடியில் பழையபடி திரும்பிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அன்பரசி ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். நான் உட்கார்ந்தேன். அறுபத்தொன்று போட்டேன். திரை இருட்டானது. என் மூச்சும் நின்றது. திரை வந்தது, மூச்சும் வந்தது. அறுபத்திரண்டு. இருட்டு. வெளிச்சம். இப்படியே ஒவ்வொன்றாக ஏறினேன் சார். எடைக்கல் ஏற்றுகிற மாதிரிதான், ஒரேயடியாகப் போடக் கூடாது. எழுபதில் எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். எழுபத்தைந்து வந்தது, நின்றது. எழுபத்தாறு போட்டேன். 'எல்லைக்கு வெளியே' என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. மரியாதையாகத்தான் சொன்னது. சரி என்று எழுபத்தைந்தில் விட்டேன்.

அம்புக்குறியை ஆட்டினேன். அல்வா. சகலை வீட்டு அல்வாவேதான்.

அன்பரசியிடம் சொன்னீர்களா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லவில்லை. அவளே உட்கார்ந்து, "ஏங்க, இது என்ன இவ்வளவு வழவழன்னு ஓடுது?" என்று கேட்பாள், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்காமல் சொல்லுகிற விஷயத்துக்கு மதிப்பில்லை. மறுநாள் உட்கார்ந்தாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் இருந்தேன்.

"ஏங்க" என்றாள்.

"சொல்லு" என்றேன்.

"எல்லாம் சாயம் போன மாதிரி இருக்கே."

"வழவழன்னு இல்ல?"

"என்ன வழவழ? கறுப்பு கறுப்பாவே இல்ல, சாம்பலா இருக்கு. சேலையெல்லாம் பத்துத் தடவ தொவச்ச மாதிரி இருக்கு."

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இவ்வளவு பெரிய முன்னேற்றம் கண்முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, இவள் சேலையைப் பற்றிப் பேசுகிறாள். நானும் பார்த்தேன், எனக்கு நிறத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எட்டு மஞ்சளும் ஒன்றாகத் தெரிகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று இப்போது அவள் கேட்கிறாள். அது பிறகு கேட்ட கேள்வி. அன்றைக்கு நான் என் அறிவுக்கு எட்டியவரை யோசித்தேன். மானிட்டரை நான் சோதித்தாகிவிட்டது, அதில் குறை இல்லை. மிச்சம் இருப்பது பார்க்கிறவர் கண். தராசு சரி என்றால் சாமானில்தான் குறை. இது சாதாரணத் தர்க்கம்.

"நாப்பத்திரெண்டு வயசாச்சு. கண்ணைக் காட்டிப் பாப்போம்" என்றேன்.

நான்தான் சார் கூட்டிக்கொண்டு போனேன். வேலையை விட்டுவிட்டு. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, ஒன்றும் பெரிதாக இல்லை, கால் பவரில் கண்ணாடி போடலாம், போடாமலும் இருக்கலாம் என்றார். போடலாம் என்று நான் சொன்னேன். போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதும் சாயம் போனமாதிரியேதான் இருக்கிறது என்றாள். பழகும் என்றேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். "பழகிருச்சு" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இது என்ன, திருமயமா? ஆமாம், கோட்டை தெரிகிறது. அந்தக் கோட்டை மேல் ஒரு பீரங்கி இருக்கிறது, அதைப் பற்றி ஊரில் சொல்லுகிற தேதியெல்லாம் சந்தேகத்துக்குரியது. சரி, அது வேண்டாம்.

என்ன நடந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நான் எழுதிச் சேர்த்த அந்தப் புது வேகத்தைப் பார்த்ததும், கம்ப்யூட்டர் எதிரே இருப்பது டிவி என்று நினைத்துக்கொண்டுவிட்டது. நம் நடத்துனர் நினைத்த மாதிரியே. டிவிக்கு அனுப்பும்போது கறுப்பையும் வெள்ளையையும் கொஞ்சம் சுருக்கி அனுப்புவது வழக்கமாம். சுருக்கினதை மானிட்டர் அப்படியே காட்டினால் எல்லாம் வெளிறித் தெரியும். அன்பரசி அந்த வெளிறலைப் பார்த்து, படத்தில்தான் குறை என்று நினைத்து, நிறத்தை அழுத்தி அழுத்திக் கொடுத்திருக்கிறாள். திரையில் பார்த்தால் சரியாக இருக்கும். காகிதத்தில் அச்சாகி வரும்போது ஒரேயடியாக இருட்டிவிடும். அவள் தன் கண்ணை நம்பியிருந்தால் மானிட்டரைச் சந்தேகப்பட்டிருப்பாள். அவள்தான் கண்ணாடி போட்டிருந்தாளே, தன் கண்ணை எங்கே நம்பப் போகிறாள்.

வேகம் கூட்டின பிறகு அச்சாகி வந்த முதல் ஆல்பம் இதுதான். எங்கள் ஊர்ப் பெண், தேவகோட்டை மாப்பிள்ளை. பெண்ணுக்கு முகூர்த்தப் பட்டு அரக்கு. குங்குமத்தில் கொஞ்சம் இருட்டைக் கலந்த மாதிரி இருக்குமே, அந்த நிறம். நாற்பது பக்க ஆல்பம். சேவுகப்பெருமாள் வழக்கம்போல் திறந்து பார்க்காமல், பட்டுத் துணி உறை போட்டு, தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்திருக்கிறார். உறவெல்லாம் கூடியிருக்கிறது. மாமியார்தான் பிரித்தார்களாம்.

தாலி கட்டுகிற படம் சார். பெண் கறுப்புப் புடவையில் உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. நல்ல காரியத்துக்குக் கறுப்புத் துணியை வாசல் பக்கம் கொண்டுவர மாட்டார்கள், இங்கே மணவறையில் நாற்பது பக்கத்துக்குக் கறுப்பு. "முகூர்த்தத்துக்குக் கறுப்பா கட்டியிருந்தா? நான் அன்னைக்கு எப்படிக் கவனிக்காம விட்டேன்?" என்று அந்த அம்மாள் கேட்டார்களாம். "அரக்குங்க சம்பந்தி" என்றார்களாம் பெண்ணின் தாயார். "இதுவா அரக்கு?" என்று மாமியார் விரலை வைத்துக் கேட்டார்களாம். உடனே பெண் உள்ளே ஓடிப்போய் பீரோவிலிருந்து புடவையையே எடுத்துக்கொண்டு வந்து ஆல்பத்தின் மேல் விரித்துக் காட்டியிருக்கிறது. நேரில் அரக்கு. படத்தில் கறுப்பு. மாப்பிள்ளையின் மீசை எங்கே முடிகிறது, பின்னால் இருக்கிற திரை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

சேவுகப்பெருமாள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"அக்கா, ஒங்க கண்ண நம்பித்தானே நான் பாக்காம அனுப்புறேன்" என்றார்.

அன்பரசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கொஞ்ச நாள் ஓய்வா இருங்க. அடுத்த கல்யாணத்த நான் தேவகோட்டையில ஒருத்தர்கிட்ட குடுத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினாலு வருஷம் சார், அவருக்கு இவள்தான் ஆல்பம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஆறுதல் சொன்னேன். "கவனக்குறைவு யாருக்கும் வரும்" என்றேன்.

அவள் எழுந்து போனாள். பீரோவைத் திறந்து தன்னுடைய கல்யாணப் பட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதுவும் அரக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் போட்டுப் படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தாள். புடவையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். கையில் அரக்கு, திரையில் செங்கல் பொடி. என் எதிரிலேயே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இதுல என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணினேன்னு கேக்காத. மேம்படுத்தினேன்."

"எப்ப?"

"தை மாசம்."

"அப்ப நான் சாயம் போயிருக்குன்னு சொன்னப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"வேகத்தக் கூட்டினது தெரியும். சாயம் போனது தெரியாது. ரெண்டும் வேற வேற" என்றேன். இது உண்மை சார். நீங்கள் எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் உண்மை.

அவள் சத்தம் போடவில்லை. இவர்கள் யாரும் சத்தம் போடுவதில்லை, அதுதான் தொந்தரவு. "கடைக்காரன் படிக்கல்ல கை வெச்சா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"தராசப் பறிமுதல் பண்ணுவாங்க. அபராதம் உண்டு. கல்லோட அடியில ஈயம் சுரண்டியிருந்தா…"

"எனக்கு என் கண்ணுதான் படிக்கல்லு. நீங்க அதுல கை வெச்சுட்டு, அதுதான் தப்புன்னு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனீங்க."

தராசுக்காரனிடம் அப்படிப் பேசக் கூடாது சார். அவள் இருக்கும்போதே வேகத்தை அறுபதுக்கு இறக்கினேன். திரையில் புடவை உடனே அரக்காகிவிட்டது. "பாத்தியா, சரியாயிருச்சு" என்றேன். "இனிமே இத நான் எப்படி நம்புறது? நான் அந்தப் பக்கம் திரும்பினா மறுபடி ஏத்துவீங்க" என்றாள். எல்லாப் படத்தையும் ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பிவிட்டாள். அத்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து செய்யப் போகிறாளாம். சேவுகப்பெருமாள் கேட்கவில்லை. அவளாகவே.

இத்தனை ஊர் இருக்கிறது. இத்தனை மானிட்டர் இருக்கிறது. சகலை வீட்டு மானிட்டர்.

வாசலில் செருப்புப் போடும்போது சொன்னாள். "சேவுகன்கிட்ட ஒரே ஒரு வரி சொல்லுங்க. அக்கா கண்ணுல தப்பு இல்ல, தப்பு என்னோடதுன்னு. அதச் சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் வராதீங்க."

ஐந்து நாள் ஆயிற்று. சொல்ல மாட்டேன் என்று இல்லை சார். ஒரு வரியில் எப்படிச் சொல்வது? அவர் பார்க்காமல் அனுப்பியது இருக்கிறது. கண் மருத்துவர் கால் பவர் எழுதிக் கொடுத்தது இருக்கிறது. கம்ப்யூட்டர் டிவி என்று நினைத்துக்கொண்டது இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு 'தப்பு என்னோடது' என்று மட்டும் சொன்னால், அளவில் குறைவாகத்தானே இருக்கும்? அதனால் முறையாக எழுதினேன். நாலு பக்கம். ஹெர்ட்ஸ் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். என் பங்கு மூன்றாவது பக்கத்தின் நடுவில் வருகிறது.

அதோடு நிற்கவில்லை. அவள் போன பிறகு மறுபடி படித்தேன். அந்தச் சுருக்கி அனுப்புகிற வேலையை நிறுத்த ஓர் இடம் இருக்கிறது சார், அதைத் தட்டிவிட்டால் எழுபத்தைந்தும் இருக்கும், அரக்கும் அரக்காகவே இருக்கும். கண்டுபிடித்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து ஓடுகிறது. அதைக் காட்டத்தான் இதை எடுத்துக்கொண்டு போகிறேன். சகலை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்து, அவளையே கண்ணால் பார்க்கச் சொல்வேன். ஆம், சொல்லாமல்தான் போகிறேன்.

இதில் நேற்று ஒரு வேடிக்கை. அன்பரசி போன் செய்தாள். சமாதானத்துக்கு இல்லை, சிலிண்டர் பதிவு செய்தாயிற்றா என்று கேட்க. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "அத்தான் மானிட்டரும் அறுபதுலதான் ஓடுது. நிறத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி எல்லா செட்டிங்கையும் ஒரு தடவ பாத்துட்டேன். பெட்டிய விட்டு எடுத்து மாட்டினதோட சரி, அவரு கூட்டவே இல்ல. நீங்க அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, பாவம்."

அதாவது வாங்கினால் மட்டும் நூற்று நாற்பத்து நான்கு வந்துவிடாது சார். கம்ப்யூட்டரில் போய்ப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பொங்கலிலிருந்து இன்றுவரை அறுபதிலேயே ஓட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நூற்று நாற்பத்து நான்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குக் காபி வேறு. அவருக்கு அறுபது. எனக்கு எழுபத்தைந்து. இந்த மூன்று மாதமாக எங்கள் குடும்பத்திலேயே அதிக ஹெர்ட்ஸ் வைத்திருந்தவன் நான்தான். நேற்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது.

என்ன கேட்டீர்கள்?

பொங்கலன்று அவர் வீட்டில் வழுக்கிக்கொண்டு போனதே, அது எத்தனை ஹெர்ட்ஸ் என்றா?

நல்ல கேள்வி. அதை இன்னும் ஆராய வேண்டும். அவருடைய மேசை கண்ணாடி போட்ட மேசை. மௌஸ் புதிது. இப்படிப் பல காரணங்கள் இருக்கலாம். அது நம் விஷயத்துக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை.

புதுக்கோட்டையில் வெள்ளரிக்காய் வாங்கலாம் என்றிருந்தேன், பேச்சில் தாண்டிவிட்டதே. இது கீரனூரா? ஒரு நிமிஷம் சார், போன். அவள்தான். இதைக் கொஞ்சம் பிடியுங்கள், சாய்த்துவிடாதீர்கள்.

சொல்லு அன்பு… சாப்பிட்டேன்… சத்தமா? அது பஸ் சத்தம்… கீரனூர்… அங்கதான், வேற எங்க… மானிட்டர எடுத்துட்டு வர்றேன்… ஒனக்குக் காட்டத்தான்… இல்ல, சரி பண்ணிட்டேன், ரெண்டும் சேந்து ஓடுது… கம்ப்யூட்டரா? கம்ப்யூட்டர் வீட்டுலதான் இருக்கு… ஆமா, மானிட்டர் மட்டுந்தான்… அன்பு… இல்ல, இன்னும் பேசல, எழுதியிருக்கேன், நாலு பக்கம்… அன்பு?

வைத்துவிட்டாள்.

கொடுங்கள் சார். இல்லை, வேண்டாம், கீழேயே வைத்துவிடுங்கள்.

செட்டிங் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் அல்லவா இருக்கிறது என்றாள். மானிட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து என்ன காட்டப் போகிறீர்கள் என்றாள். நியாயம்தான். இதை அங்கே சகலை கம்ப்யூட்டரில் மாட்டினால் அறுபதில்தான் ஓடும். தராசை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தட்டை மட்டும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போன மாதிரி. லக்கேஜ் வேறு போட்டு. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒன்று செய்ததில்லை.

"காட்டறதுக்கு நான் ஒண்ணும் கேக்கல. ஒரு வரிதான் கேட்டேன். அதையும் சொல்லலன்னா அடுத்த ஸ்டாப்புல எறங்கி எதிர் பஸ்ஸப் பிடிங்க" என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள். "நேத்து மஞ்சள் சேலை ஒண்ணத் திருத்திக்கிட்டு இருந்தேன். அக்காவ ரெண்டு தடவ கூப்பிட்டு இது என்ன மஞ்சள்னு கேட்டேன்" என்றாள். அவள் சார். அடுத்தவரைக் கூப்பிட்டு மஞ்சளைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

இல்லை, தண்ணீர் வேண்டாம்.

இப்போதேயா? பஸ்ஸிலேயா? நாலு பக்கத்தையும் படிக்க முடியாதே. சரி. நீங்கள் சொல்லுகிறீர்கள் என்பதற்காக. இருங்கள், ஒலிக்கிறது.

ஹலோ, சேவுகப்பெருமாளா? நான் திருஞானம் பேசுறேன். ஒரு விஷயம் வெளக்கணும். ஒரு மானிட்டர்னு எடுத்துக்கிட்டா அது ஒரு நொடிக்கு அறுபது தடவ… கல்யாண மண்டபத்திலயா? மாப்பிள்ளை அழைப்பா? சரி, சுருக்கமா சொல்றேன். இந்த அறுபதுங்கறது கம்பெனிக்காரன் ஜாக்கிரதைக்காக… கேக்கலியா? மேளச் சத்தமா? இப்ப கேக்குதா? அந்த ஆல்பம்ப்பா. கறுப்பாப் போச்சே, அது… அன்பரசி கண்ணுல ஒரு தப்பும் இல்ல. நான் மானிட்டர நோண்டிட்டேன். அவகிட்ட சொல்லாம. அவ அப்பவே சாயம் போயிருக்குன்னு சொன்னா. நான்தான் அவ கண்ணு சரியில்லன்னு… ஆமா. தப்பு என்னோடதுதான். ஆனா…

ஹலோ? ஹலோ?

வைத்துவிட்டார் சார். "அவ்வளவுதானே, நான் இப்பவே அக்காகிட்ட பேசுறேன், அடுத்த முகூர்த்தம் அவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். 'ஆனா'வுக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் சார் விஷயமே இருக்கிறது. அவர் பார்க்காமல் அனுப்பினது, கால் பவர், டிவி, எதுவுமே அவருக்குப் போய்ச் சேரவில்லை. இப்போது முழுத் தப்பும் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பார். இது சரியான அளவு இல்லை. ஒரு நிமிஷம் இருங்கள், திரும்பக் கூப்பிட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

என்ன சார் இது? ஏன் என் போனை வாங்கி உங்கள் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறீர்கள்?

திருச்சியில் இறங்கும்போது தருகிறீர்களா?

இல்லை, நடுவில் அன்பரசி கூப்பிட்டால்? உடனே எடுத்துக் கொடுப்பீர்களா?

அப்படியென்றால் சரி. உங்களிடமே இருக்கட்டும்.